பிஞ்சுவாய் நிறம்

நிறங்களுக்குப் பேர் வைத்த எங்கள் முன்னோர்கள் எப்போதும் பசியோடு இருந்திருக்க வேண்டும். முப்பத்தெட்டு வருடம் துணிக்கடை நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். அழுகிய செர்ரி என்று ஒரு நிறம். முலாம்பழத்தின் உள்ளே என்று ஒரு நிறம். வெங்காயச் சருகு, பால் காப்பி, காய்ந்த ரோஜா. கண்ணாடித் தொப்புள் என்றுகூட ஒன்று உண்டு. தடித்த கண்ணாடியை விளிம்பு வழியாகப் பார்த்தால் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒன்று தெரியுமே, அது. கடைக்கு வரும் பெண்கள் "ரிஃப்கி அண்ணே, அழுகின செர்ரில மூணு மீட்டர் குடுங்க" என்பார்கள். நானும் சிரிக்காமல் வெட்டிக் கொடுப்பேன்.

இவற்றுக்கெல்லாம் மகாராணி யவ்ருஆஸி. பிஞ்சுவாய் என்று அர்த்தம். ஆரஞ்சும் இல்லை, ரோஸும் இல்லை. இரண்டும் கூடிப் பெற்ற பிள்ளை. கல்யாணப் பெண்ணின் பஞ்சுப் போர்வை இந்த நிற சாட்டினில்தான் இருக்க வேண்டும் என்று துருக்கியில் எங்கள் தீரே ஊர் மாமியார்கள் ஒற்றைக் காலில் நிற்பார்கள். ஆனால் எந்த ஜீவனின் பிஞ்சு என்பது பேரில் இல்லை. அதனால் சந்தைக்குள் மூன்று கட்சி. கம்பளி அடிக்கிற இல்யாஸ், ஆட்டுக்குட்டியின் வாய் என்பான். டீக்கடை முஹ்ஸின், பூனைக்குட்டியின் வாய் என்று சத்தியம் செய்வான். போர்வை தைக்கிற ஹுலுசி, சந்தைக் கூரையில் கூடு கட்டும் தகைவிலான் குருவியின் குஞ்சு என்பான். மூன்று பேரும் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

நான் எழுத உட்கார்ந்தது ஹுலுசியின் மனைவி நஸ்மியேவைப் பற்றி. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவளைச் சந்தையை விட்டுத் துரத்தப் பார்த்த நாளில், ஒரே ஒரு வார்த்தை சொல்லி அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடியவன் நான். சொல்லவில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

நஸ்மியே மலைமேல் கிராமத்துப் பெண். கஷ்கொட்டை பொறுக்கி வளர்ந்தவள். பத்தொன்பது வயதில் ஹுலுசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். பெரிய கை, அதைவிடப் பெரிய குரல். அவள் வீட்டு முற்றத்தில் அடுப்பை ஊதச் சொல்லிக் கத்தினால் எங்கள் கடைத்தெருவில் கேட்கும். ஹுலுசி அப்போது போர்வைக்காரர் வரிசையில் நல்ல கைகாரன். வில்லால் பஞ்சை அடித்து மேகமாக்கி, சாட்டினுக்குள் பரப்பி, நீள ஊசியால் பூவும் சூரியனும் தைப்பான். கல்யாணமாகி மூன்றாம் வருடம் அவன் கை நடுங்க ஆரம்பித்தது.

போர்வைக்காரனுக்குக் கை போனால் என்ன மிச்சம்? ஹுலுசி யாரிடமும் சொல்லவில்லை. வில் அடிப்பதற்கு நடுக்கம் இடைஞ்சலாக இல்லை, அதைக் கடையில் எல்லார் கண்ணிலும் படும்படி செய்தான். தையலை வீட்டுக்குக் கொண்டுபோனான். நஸ்மியே ரொட்டி சுட்ட கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து தைத்தாள். ஒன்பது வருடம். ஊரே ஹுலுசியின் கையைப் புகழ்ந்தது. போர்வைக்காரர்களுக்கெல்லாம் மூத்த ஆசானான ஸிஹ்னி உஸ்தா ஒருநாள் தையலைத் தடவிப் பார்த்து, "வயசாக வயசாக உன் கை குமரியாகுதே, ஹுலுசி!" என்றார். அன்று ஹுலுசி வீட்டுக்குப் போய் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தானாம். நஸ்மியே சிரிக்கவில்லையாம்.

வெளிப்பட்டது ஒரு கல்யாணப் பெண்ணால். மூலையில் ஒரு ரோஜா இப்போதே என் கண்முன்னால் போட்டுக் கொடுங்கள் என்று அவள் கடையில் உட்கார்ந்துவிட்டாள். ஹுலுசி ஊசியில் நூல் கோக்கப் பார்த்தான். ஒருதரம், இரண்டுதரம், ஏழுதரம். எதிர்க்கடையிலிருந்து நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஊசியைக் கீழே வைத்தான். எழுந்து தெருவில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"கேட்டுக்கங்கப்பா! நீங்க மெச்சிக்கிற கை என்கிட்ட இல்ல. அது வீட்ல ரொட்டி சுட்டுக்கிட்டு இருக்கு. போய்க் கூட்டிட்டு வரேன்."

கூட்டிக்கொண்டும் வந்தான். நஸ்மியே மாவுக் கையோடு வந்து, கடை மேடையில் சம்மணம் போட்டு, அந்த ரோஜாவைத் தைத்தாள். வரிசையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

எங்கள் வரிசையில் அதுவரை பெண் உட்கார்ந்ததில்லை. ஸிஹ்னி உஸ்தாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முதுகு மட்டும் இன்னும் நேராக இருந்தது. இரண்டு நாள் யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். "ஹுலுசியோட எடத்துல அவன் பெண்டாட்டி தைக்கட்டும். ஆனா உஸ்தா பட்டத்துக்கான இடுப்புத் துண்டு கட்ட மாட்டோம். ஒரு சரக்கு, ஒரே ஒரு சரக்கு கெட்டுப்போச்சுன்னு நியாயமான புகார் வந்தா, செருப்பு கூரைக்குப் போயிடும்."

செருப்பு விஷயம் பழைய வழக்கம். மோசமான சரக்கு விற்றவனின் வலதுகால் செருப்பை வாங்கி, அவன் கடைக் கூரைமேல் எறிவார்கள். அதற்கப்புறம் அவன் அந்த வரிசையில் கடை திறக்க முடியாது. நான் பார்க்க அது ஒருமுறைதான் நடந்திருக்கிறது. அந்த ஆள் ஊரைவிட்டே போய்விட்டான்.

ஹுலுசி வில் அடித்து முடித்த நேரத்தில் டீ போட ஆரம்பித்தான். டீக்கடை முஹ்ஸின் வாசலில் நின்று, "ஏம்ப்பா, பெண்டாட்டி உன் தொழில எடுத்துக்கிட்டா நீ என் தொழிலுக்கா வரணும்?" என்பான். ஹுலுசி அசராமல், "உன் டீய குடிச்சவன் யாரும் புகார் பண்ண மாட்டான், அவன் சுகர்லயே போய்ச் சேந்துடுவான்" என்பான்.

நஸ்மியே என் கடையில் சாட்டின் எடுக்க வந்தால் எனக்கு எரிச்சலாக வரும். மற்றவர்கள் உள்ளேயே விரித்துப் பார்த்து வாங்குவார்கள். இவள் மொத்தச் சுருளையும் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போவாள். வெயிலில் விரிப்பாள், சாய்ப்பாள், நிமிர்த்துவாள்.

"தூசி படுதும்மா! உள்ள பாத்தா ஆகாதா?" என்று ஒருதரம் கத்தினேன்.

"உள்ள இருக்கறது நிறமில்ல அண்ணே, துணி. இதுக்கு ஏன் யவ்ருஆஸின்னு பேரு வந்துச்சு தெரியுமா?"

"தெரியாம என்ன? தினமும் மூணு பேரு டீக்கடைல அடிச்சுக்கறாங்களே."

"அவங்க கெடக்கறாங்க. சின்ன வயசுல கூட்டுலேர்ந்து விழுந்த குஞ்செல்லாம் நான்தான் வளப்பேன். ரொட்டிய மென்னு ஊட்டுவேன். நெழல்ல வாயத் தொறந்தா ஒண்ணுமே இல்ல, வெறும் சதை. வெயில்ல தொறந்தா, வெளிச்சம் உள்ள போய் நனைஞ்சு திரும்பி வரும் பாருங்க, அதான் யவ்ருஆஸி. அத மொதல்ல பாத்தவ எவளோ, அவதான் பேரு வெச்சிருப்பா. வெயில் இல்லன்னா இந்த நிறமே கெடையாது."

"அப்ப ஆடா, பூனையா, குருவியா?"

"பசிச்ச வாய் எதுன்னாலும் சரிதான். மூணு பேரையும் போய் வேலையப் பாக்கச் சொல்லுங்க."

பேச்சு வாக்கில் சொன்னதுதான். ஆனால் இத்தனை வருடம் அந்த நிறத்தை மீட்டர் கணக்கில் விற்ற எனக்கு அந்தப் பேரின் அர்த்தம் அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கப்புறம் தூசியைப் பற்றி நான் பேசவில்லை.

அறுபத்து மூன்றாம் வருடம் ஜூன் மாதம். பஞ்சாலை முதலாளியின் மனைவி பெரிஹான் ஹனிம் (ஹனிம் என்றால் அம்மணி) தன் மகனுக்குக் கல்யாணம் வைத்தாள். பெண், ரயில்வே சிக்னல்காரரின் மகள் ஷெஹ்னாஸ். பெரிஹானுக்கு அந்தச் சம்பந்தத்தில் இஷ்டமில்லை, மகன் பிடிவாதத்தால் ஒப்புக்கொண்டாள். "பொண்ணு மொகத்துல ரத்தமே இல்ல. ஈரல் கெட்டிருக்கும்" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். சீர் விஷயத்தில் ஒரு இம்மிகூட விட்டுக்கொடுக்கவில்லை. போர்வை யவ்ருஆஸி சாட்டினில் இருக்க வேண்டும், நடுவில் சூரியன் இருக்க வேண்டும், சூரியனுக்கு முப்பத்திரண்டு கதிர் இருக்க வேண்டும். சிக்னல்காரர் நஸ்மியேவிடம் வந்து சொன்னார். நஸ்மியே என்னிடம் ஏழு மீட்டர் எடுத்தாள். வழக்கம்போல் தெருவில் விரித்துப் பார்த்துத்தான்.

பதினாறு நாள் தைத்தாள். முடிந்ததும் கடை மேடையில் விரித்தபோது நான் போய்ப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன். நான் விற்ற துணியா இது என்று இருந்தது. ஸிஹ்னி உஸ்தாகூட அந்தப் பக்கமாக நடந்து போகிறவர்போல் இரண்டுதரம் வந்து போனார்.

சீர் வண்டி பெரிஹான் வீட்டுக்குப் போயிற்று. எங்கள் ஊரில் சீரையெல்லாம் மாப்பிள்ளை வீட்டு விருந்தாளி அறையில் விரித்து வைப்பார்கள்; சொந்தபந்தத்துப் பெண்கள் வந்து தொட்டுப் பார்த்துக் குறை சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார்கள். அடுத்த நாள் மத்தியானம் பெரிஹான் வேலைக்காரியோடு சந்தைக்கு வந்தாள். வேலைக்காரி தலையில் மூட்டை. நஸ்மியேவின் கடை வாசலில் அதைத் தொப்பென்று போடச் சொன்னாள்.

"இதுவா யவ்ருஆஸி? இது வெங்காயச் சருகு! பன்னெண்டு பொம்பளைங்க பாத்தாங்க, பன்னெண்டு பேரும் வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்க. சிக்னல்காரன் மலிவாக் கேட்டானா, இல்ல நீ மலிவாத் தெச்சியா?"

"பிரிச்சுப் பாப்போம் ஹனிம்" என்று நஸ்மியே இறங்கி வந்தாள்.

"பாத்தாச்சு. என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. இந்தப் போர்வை இப்படியே இருந்தா அந்தப் பொண்ணும் அவங்கப்பன் வீட்லயே இருக்கட்டும்."

போய்விட்டாள். புகாரை ஸிஹ்னி உஸ்தாவிடமும் சொல்லிவிட்டுத்தான் போனாள். நாலு நாள் கழித்துச் செவ்வாய்க்கிழமை, சந்தை திறக்கும் முன் எல்லாக் கடைக்காரர்களும் கூடிப் பிரார்த்தனை செய்வோமே, அது முடிந்ததும் விசாரணை என்று சொல்லி அனுப்பினார்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலையில் நல்ல வெயில். பிரார்த்தனை முடிந்து யாரும் கலையவில்லை, பெரிஹானும் வந்து நின்றாள். நஸ்மியே போர்வையைக் கடை மேடையில் விரித்தாள். தகதகவென்று யவ்ருஆஸி. கூட்டத்தில் முணுமுணுப்பு. ஸிஹ்னி உஸ்தா குனிந்து பார்த்துவிட்டு, "ஹனிம், இது சரியாத்தானே இருக்கு?" என்றார்.

பெரிஹான் பார்த்தாள். ஒரு கணம் அவளுக்கே குழப்பம். பிறகு நிமிர்ந்தாள்.

"இது அதில்ல. மாத்திட்டா."

"பதினாறு நாள் தெச்சத நாலு நாள்ல மாத்துறதா? அவளுக்கு ரெண்டு கைதாம்மா இருக்கு, எனக்கு இருக்கறதையும் சேத்தா ரெண்டேகால்" என்றான் ஹுலுசி. சிலர் சிரித்தார்கள்.

பெரிஹான் சிரிக்கவில்லை. "ஒன்பது வருஷம் இந்த ஊரையே ஏமாத்தினவதானே இவ? புருஷன் தெச்சதுன்னு சொல்லி வித்தீங்களே, யாராவது கண்டுபிடிச்சீங்களா? அவளால எதுதான் முடியாது?"

சிரிப்பு நின்றுபோயிற்று. அது உண்மைதானே. அந்த ஒன்பது வருடத்தை வரிசையில் பலர் இன்னும் மன்னிக்கவில்லை. ஸிஹ்னி உஸ்தா என் பக்கம் திரும்பினார்.

"ரிஃப்கி, துணி உன் கடையோடதுதான். இவ எத்தன போர்வைக்கு எடுத்தா? ஒண்ணா, ரெண்டா?"

ஒன்றுதான். ஏழு மீட்டர், அதற்குமேல் ஒரு விரற்கடைகூட இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும். பெரிஹான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுத் திரை, மெத்தை உறை, மகனுடைய கல்யாணத் துணி எல்லாம் என் கடை. என் வாய் தானாகப் பேசியது.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லீங்க, உஸ்தா."

நஸ்மியே என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. ஸிஹ்னி உஸ்தா கையை நீட்டினார். நஸ்மியே குனிந்து வலதுகால் ரப்பர் செருப்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். ஹுலுசி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எறியறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் உஸ்தா" என்றாள். "ஹனிம், போர்வைய எங்க விரிச்சீங்க?"

"எங்க விரிப்பாங்க? விருந்தாளி அறைலதான்."

"ஜன்னல் தொறந்திருந்துச்சா?"

"விருந்தாளி அறை ஜன்னல எவ தொறப்பா? கம்பளம் வெளுத்துப் போகவா? பதினோரு வருஷமா திரை மூடித்தான் இருக்கு. இஸ்மிர்லேர்ந்து டியூப்லைட் வாங்கி மாட்டியிருக்கேன். தும்பைப்பூ மாதிரி வெள்ளையா எரியும்."

நஸ்மியேவின் முகத்தில் சிரிப்பு மலர்ந்தது. பத்தொன்பது வயதில் அவளைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் இருக்கும்.

"அங்கயே போவோம். வெங்காயமா இல்லையான்னு அங்கயே பாத்துடுவோம். இல்யாஸ், உன் ஆட்டுக்குட்டியத் தூக்கிக்க. முஹ்ஸின், நீ பூனைக்குட்டிய எடு. எங்க வீட்டுக்காரரு கீழ விழுந்த குருவிக்குஞ்சு ஒண்ண ஈ புடிச்சுப் போட்டு வளக்கறாரு, அதுவும் வரட்டும்."

"எதுக்கு?" என்றார் ஸிஹ்னி உஸ்தா.

"சாட்சிக்கு உஸ்தா. மனுஷ சாட்சிக்குத்தான் ஞாபகம் இருக்கறதில்லையே."

எனக்குக் காது சுட்டது.

அந்த ஊர்வலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முன்னால் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் கம்பளிக் காலுறையுமாக நஸ்மியே, தலையில் போர்வை. பின்னால் செருப்பைக் கையில் ஏந்திய ஸிஹ்னி உஸ்தா. ஆட்டுக்குட்டியோடு இல்யாஸ், சட்டைக்குள் பூனைக்குட்டியோடு முஹ்ஸின், தொப்பிக்குள் குருவிக்குஞ்சோடு ஹுலுசி. காய்கறிக்காரிகள் தராசைப் போட்டுவிட்டு வந்தார்கள். சந்தை நாள் வியாபாரம் அம்போ என்று நின்றது.

பெரிஹான் வீட்டு வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்றினோம். நஸ்மியே கழற்ற ஒற்றைச் செருப்புதான் இருந்தது. உள்ளே எட்டுப் பேர் போனோம், மிச்ச ஊர் நடையில் நெருக்கி நின்றது. விருந்தாளி அறையில் சோபாக்கள் வெள்ளைத் துணி போர்த்தி, ஆள் செத்த வீடுபோல் இருந்தன. தரையிலிருந்து கூரைவரை வெல்வெட் திரை. பெரிஹான் பெருமையாக ஸ்விட்சைத் தட்டினாள். டியூப்லைட் இரண்டு தரம் கண் சிமிட்டி, ரீங்காரத்தோடு எரிந்தது.

நஸ்மியே போர்வையை விரித்தாள். வெங்காயச் சருகு. சந்தேகமே இல்லை, அசல் வெங்காயச் சருகு.

"பாத்தீங்களா!" என்று பெரிஹான் கைதட்டினாள். "பாத்தீங்களா, பன்னெண்டு பேரும் பாத்தது இததான்!"

"அப்ப இது அதே போர்வைதானே ஹனிம்?"

"அதே கண்றாவிதான்!"

"நல்லது. உஸ்தா, நான் மாத்தலன்னு ஹனிமே சொல்லிட்டாங்க." நஸ்மியே திரும்பினாள். "இல்யாஸ், குட்டி வாயத் தொற."

இல்யாஸ் ஆட்டுக்குட்டியின் தாடையைத் தடவினான். அது "மே" என்றது. உள்ளே சாம்பல் பூத்த பழைய மாவு நிறம். முஹ்ஸின் பூனைக்குட்டியின் மீசையைச் சீண்டினான். அது கொட்டாவி விட்டது. அதுவும் அதே நிறம். ஹுலுசி தொப்பியின் விளிம்பை விரலால் தட்டினான். தாய் வந்துவிட்டது என்று நினைத்துக் குஞ்சு உடம்பைவிடப் பெரிதாக வாயைத் திறந்தது. வெங்காயச் சருகு.

"ஐயோ, என் குட்டிக்கு நோவு வந்துடுச்சு!" என்று இல்யாஸ் அலறினான். நடையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"குட்டிக்கு ஒண்ணுமில்ல" என்றாள் நஸ்மியே. "ஆண்டவன் குடுத்த வாய்க்கே இந்த வெளக்கு நிறம் குடுக்க மாட்டேங்குது. என் சாட்டினுக்கு மட்டும் எங்கேர்ந்து குடுக்கும்? அந்தத் திரையத் தொறங்க."

"மாட்டேன்! கம்பளம் வெளுக்கும்!" பெரிஹான் திரைக்கு முன்னால் போய்க் கைகளை விரித்து நின்றாள். ஸிஹ்னி உஸ்தா தயங்கினார். அடுத்தவர் வீட்டுத் திரையில் கைவைக்க யாருக்குத்தான் உரிமை இருக்கிறது? ஒருவரும் அசையவில்லை. இப்படியே முடிந்துவிடும், செருப்பு கூரைக்குப் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது.

அந்தத் திரையை விற்றவன் நான். மாட்டிக் கொடுத்தவனும் நான். கயிறு எந்த மூலையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவள் நின்ற இடத்தில் இல்லை, பீரோவுக்குப் பின்னால்.

"ஏழு மீட்டர்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அதனால் மறுபடி கத்தினேன். "ஏழு மீட்டர், ஒரே போர்வைக்கு! ஞாபகமில்லைன்னு நான் சொன்னது பொய்!" பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுக் கயிற்றை இழுத்தேன்.

பதினோரு வருடத் தூசி முதலில் விழுந்தது. அப்புறம் ஜூன் மாத வெயில் அறைக்குள் பாய்ந்தது.

போர்வை பற்றிக்கொண்டதுபோல் ஆயிற்று. முப்பத்திரண்டு கதிரும் தனித்தனியாக எழுந்து நின்றன. யவ்ருஆஸி! ஹுலுசியின் தொப்பிக்குள் இன்னும் திறந்தே இருந்த வாய்க்குள் வெயில் போனது. நனைந்து திரும்பி வந்தது. அதே நிறம். அச்சு அசல் அதே நிறம். நடையிலிருந்து ஒரு காய்கறிக்காரி நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"என் பூனைதான் ரொம்பக் கிட்ட இருக்கு!" என்று முஹ்ஸின் கத்தினான். "போடா, என் ஆட்டப் பாருடா!" என்று இல்யாஸ் குட்டியின் தலையைப் போர்வைக்குள்ளேயே திணித்தான். "தள்ளுங்கடா ரெண்டு பேரும், எச்சி படுது!" என்று நஸ்மியே போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

பெரிஹான் சுவர்க் கண்ணாடியின் முன் நின்றுகொண்டிருந்தாள். இந்த அறையில் பகல் வெளிச்சத்தில் தன் முகத்தை அவள் பார்த்து எத்தனை வருடமோ. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சோபாவில் உட்கார்ந்தாள். கம்பளத்தின்மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அவள் கவனிக்கவில்லை.

"அந்தப் பொண்ணையும் நான் இந்த வெளக்குலதானே பாத்தேன்" என்றாள் மெதுவாக. "மூணு தரம் வந்தா. மூணு தரமும் இங்கதான் உக்கார வெச்சேன். ரத்தமில்லாதவன்னு ஊரெல்லாம் சொன்னேனே, நஸ்மியே."

நஸ்மியே அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெற்றிபெற்றவள் குத்திக் காட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். நான் அவள் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

"பகல்ல ஒருதரம் போய்ப் பாருங்க ஹனிம். செர்ரி மரத்தடில நிக்க வெச்சுப் பாருங்க. பொண்ணு நல்லாத்தான் இருக்கா."

பெரிஹான் எழுந்து டியூப்லைட்டை அணைத்தாள். போர்வையை மடிக்கப்போன நஸ்மியேவின் கையைப் பிடித்து, அப்படியே விரித்து இருக்கட்டும் என்றாள். வேலைக்காரியைக் கூப்பிட்டு அந்தப் பன்னிரண்டு பெண்களுக்கும் ஆள் அனுப்பச் சொன்னாள். "இப்பவே வரணும்னு சொல்லு. வெயில் போறதுக்குள்ள!"

என் வியாபாரம் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். ஒரு வருடம் அவள் என் கடைப் படி ஏறவில்லை. அந்த ஒரு வருடமும் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

எல்லாரும் வாசலுக்கு வந்தோம். எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதை உண்டு. வீட்டுக்கு வந்த பெரியவர் கிளம்பும்போது, சின்னவர்கள் முந்திக்கொண்டு ஓடி, அவர் செருப்பைத் தெருப்பக்கம் திருப்பி, நேராக ஜோடி சேர்த்து வைப்பார்கள். அவர் அப்படியே காலை நுழைத்துக்கொண்டு போகலாம். மகன் தகப்பனுக்குச் செய்வான், சிஷ்யன் உஸ்தாவுக்குச் செய்வான். மாற்றிச் செய்து நான் பார்த்ததில்லை.

ஸிஹ்னி உஸ்தா எங்களுக்கு முன்னால் படியிறங்கினார். குவிந்து கிடந்த செருப்புகளுக்கு நடுவே நஸ்மியேவின் இடதுகால் செருப்பைத் தேடி எடுத்தார். அந்த நேர் முதுகு வளைந்தது. ஒரு முழங்காலைக் கல்லில் ஊன்றி, கையில் இருந்த வலதுகால் செருப்பை அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் தெருப்பக்கம் திருப்பினார். வலது செருப்பில் ஒட்டியிருந்த தூசியைத் தன் சட்டைக் கையால் துடைத்தார். பிறகு எழுந்து ஒதுங்கி நின்றார்.

நஸ்மியே படியில் நின்று அந்தச் செருப்புகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இறங்கி, இரண்டு காலையும் நுழைத்து, சந்தையை நோக்கி நடந்தாள். ஸிஹ்னி உஸ்தா அவளுக்கு ஓரடி பின்னால் நடந்தார். நாங்கள் எல்லாரும் அவருக்குப் பின்னால் நடந்தோம்.